ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்

அப்பாவுக்குப் பல் செட் செய்து மாட்டுவதைவிட ஒரு முதலைக்குச் செய்து மாட்டிவிடலாம் என்று பல்லக்கா டாக்டரம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். முதலையும் வாயைத் திறக்கும். ஆனால் திறந்த வாயால் விவாதம் செய்யாது.

பல்லக்கா என்பது கிளினிக்குக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். அவள் டாக்டர் இல்லை. முன்னறையில் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். பின்னறையில், ஜன்னலை ஒட்டிய நீள மேசையில், அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி ஈறை வார்த்து, அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மெழுகை உருக்கி எடுத்த இடத்தில் பிளாஸ்டிக் மாவை அழுத்தி, கொதிநீரில் வேகவைத்து, தேய்த்து மெருகேற்றி ஒரு முழு வாயை உருவாக்குவது இவள் வேலை. இருபது வருஷமாகச் செய்கிறாள். வயது நாற்பத்தொன்று. தலையில் பிளாஸ்டர் தூள் படிந்து சாயங்காலம் வீடு திரும்பும்போது அறுபது என்றாலும் நம்பலாம்.

இந்த வேலைக்கு உயிர்நாடி, கடி பார்ப்பது. மெழுகுக் கட்டையை வாயில் வைத்துக் "கடிங்க" என்றால் பாதிப் பேர் தாடையை முன்னால் தள்ளிக் கடிப்பார்கள். அது பொய்க் கடி. அதை நம்பிப் பல் வைத்தால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஜென்மத்துக்கும் சந்திக்காது. அதற்கொரு வழி உண்டு. நாக்கை மேலே மடக்கி, அண்ணத்தின் பின்பக்கத்தைத் தொட்டபடி எச்சிலை விழுங்கச் சொல்ல வேண்டும். அப்படி விழுங்கும்போது தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்க முடியாது. அது தன் இடத்துக்குத் தானாகப் போய் உட்கார்ந்துவிடும்.

அப்பாவை விழுங்க வைக்கத்தான் முடியவில்லை.

"நாக்கை மடக்குங்கப்பா."

"எதுக்கு?"

"கடி சரியா வர்றதுக்கு."

"என் தாடை எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷம் பஸ் இன்ஜினைப் பிரிச்சு மாட்டினவன்கிட்ட ஃபிட்டிங் சொல்லித் தர்றியா, பல்லு டாக்டரே?"

பல் இல்லாத வாயில் பாதி எழுத்துகள் காற்றாகப் போகும். ஆனாலும் பேச்சு நிற்காது. அவர் வேண்டுமென்றே தாடையைத் தள்ளிக் கொடுத்த கடியை நம்பி மூன்று செட் செய்தாயிற்று. மூன்றும் சமையலறை அலமாரியில் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் தண்ணீரில் கிடந்து அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அப்பா ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்றபடி, "மூணு தடவை தப்பு பண்ணிட்டாளே" என்று அனுதாபப்படுவார்.

தாடையைத் தள்ளுவது அந்த வீட்டின் பரம்பரைச் சொத்து. கொள்ளுத்தாத்தா, தேவாலயத்தின் கதவு உள்பக்கமாகத் திறக்கக் கூடாது, வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும் என்று சண்டை பிடித்து, ஆராதனை நடக்கும்போதே கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவர். தாத்தா, பிரசங்கம் நீளம் என்று எழுந்து நின்று, ஒன்பது குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, ஒரு கிடங்கில் தனிச் சபை தொடங்கினார். இரண்டாம் வருஷம் அதிலும் ஏதோ பிடிக்காமல், தான் தொடங்கிய சபையிலிருந்து தானே வெளிநடப்புச் செய்தார். அந்த ஒன்பது குடும்பங்களும் அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் கலைந்துபோயின. சபையில் இவர்களுக்கு 'எழும்பினவர் வீடு' என்றே பெயர்.

கடைசியாக எழும்பியவர், பழைய சபைக்கே திரும்பி வந்திருந்த அப்பா. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுப்பதில்லை என்று சபைக் குழு முடிவெடுத்திருந்தது. திராட்சை ரசக் கோப்பைகள் அடுக்கிய தட்டு அந்தப் பெண்ணைத் தாண்டிப் போனதும் அப்பா எழுந்துவிட்டார்.

"அவங்களுக்கும் குடுங்க."

தட்டை ஏந்தியிருந்த சபை மூப்பர், "உட்காருங்க" என்றார்.

அப்பா இரண்டாம் முறை கேட்கவில்லை. கீழிருந்து ஓர் அடி. நாற்பது சின்னக் கோப்பைகளும் எகிறி, மூப்பரின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. நியாயம் என்னவோ அப்பா பக்கம்தான். அதுதான் வயிற்றெரிச்சல். அந்த நியாயத்தைக் கைப்பிடியளவாவது மிச்சம் வைத்திருந்தால் யாருக்காவது உதவியிருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் கூனிக் குறுகி வெளியே போன அந்தப் பெண் திரும்பி வரவேயில்லை. மூப்பர் சொன்னார்: "உன் வம்சம் இனி இந்தத் திருவிருந்து மேசைக்கு வராது." இவள் மண்டியிட்டுக் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகு அப்பா ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். எந்த பஸ்ஸிலும் ஏறமாட்டார். கேட்டால், "இன்ஜின் சத்தம் கேக்கறேன்" என்பார். ஆலயத்தின் வெளிச்சுவரில் இருந்த ஒலிபெருக்கி வழியே இருபத்திரண்டு வருஷப் பிரசங்கத்தையும் ஒன்றுவிடாமல் கேட்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் மறுப்புத் தெரிவித்துக்கொண்டிருந்தார். உள்ளே உட்காரும் பலரைவிட அவருக்குப் பிரசங்கம் நன்றாக ஞாபகம் இருந்தது. இதற்கென்ன செய்வது என்று அம்மா இருந்தவரைக்கும் தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அந்த வேலையும் இவளுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அதே மூப்பர் பல் செட்டுக்காகக் கிளினிக்குக்கு வந்தார். எண்பதை நெருங்கியிருந்தார். இவள் யார் என்று அவருக்கும், அவர் யார் என்று இவளுக்கும் தெரியும். இருவரும் தெரியாதது போலிருந்தார்கள். செட் அம்சமாகப் பொருந்தியது. மூன்றாம் நாளே, "இடது பக்கம் குத்துதும்மா" என்று வந்து நின்றார். பல் செட் குத்தினால் ஈறில் அந்த இடம் சிவந்திருக்கும். இவருக்குச் சிவப்பே இல்லை. இருந்தாலும் லேசாகத் தேய்த்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் வலது பக்கம். அப்புறம் முன்பக்கம். நான்காவது முறையிலிருந்து அவள் தேய்க்கவே இல்லை. தேய்க்கும் மெஷினை வெறுமனே ஓடவிட்டு, ஊதிக் கொடுத்தாள். "இப்போ தேவலை" என்று வாங்கிக்கொண்டு போனவர் மறுபடி வந்தார்.

ஆறாவது முறை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, உங்க ஈறு குழந்தை ஈறு மாதிரி இருக்கு. எங்கயும் சிவப்பு இல்லை. நான் இன்னிக்கு நாலு செட் முடிக்கணும். எங்க வலிக்குதுன்னு ஒழுங்காச் சொல்லிடுங்க."

மூப்பர் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பல்லில்லாத வாயால், "வாயில இல்லம்மா" என்றார்.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"அன்னிக்கு உங்க அப்பாவைத் திட்டியிருக்கலாம். அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. வம்சத்தை இழுத்தேன். கீழே உட்கார்ந்து கோப்பை பொறுக்கிட்டு இருந்தவ காதுல விழற மாதிரி சொன்னேன். அதுக்கப்புறம் அந்தத் தட்டை ஏந்தறப்பல்லாம் அது தொண்டையிலயே நிக்குது. என்னை மன்னிச்சிடும்மா. அதைக் கேக்கத்தான் ஆறு தடவை வந்தேன். வாய் வரலை."

 பல்லக்காவின் வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால்கூட டம்ளர்மேல்தான் குற்றம். மன்னிப்பு என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

"டீ குடிக்கிறீங்களா ஐயா?" என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

டீ குடிக்கும்போது மூப்பர் சொன்னார்: "அந்தக் காலத்துல ஒருத்தன் ஆண்டவருக்கு எதிரா எழும்பினான், பூமி வாயைத் திறந்து அவனை விழுங்கிடுச்சுன்னு வேதத்துல வரும். உங்க வீட்டை நினைச்சுக்கிட்டே அதை எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். ஆனா அவன் பிள்ளைங்க சாகலை. அவங்க சந்ததிதான் பின்னால ஆலயத்துல வாசல் காத்தது, பாட்டுப் பாடினது. அந்த இடத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் படிச்சிருக்கேன் போல."

அடுத்த ஞாயிறு அவள் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எதற்கு வந்தோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. பாட்டு சுமார். பிரசங்கம் தாத்தா சொன்ன மாதிரி நீளம்தான். ஆனால் தொடக்கத்தில் இருநூறு பேர் எழுந்து, "நாங்கள் பாவம் செய்தோம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஒருவர்கூட 'நான் இல்லை, அவன்தான்' என்று கை நீட்டவில்லை. அவள் அசந்துபோனாள். அந்த ஆச்சரியம் தீராமல் அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். சிலுவைக்குப் போகும்முன் இயேசுவை நிறுத்தி வைத்துப் பொய்ச்சாட்சி சொன்ன கட்டத்தை ஒருநாள் வாசித்தார்கள். எதிர்த்துப் பேச முழு உரிமையும் இருந்த ஒருவர், தன் பக்கம் துளி குற்றமும் இல்லாதவர், வாய் திறக்கவில்லை. யார் யாரோ செய்ததையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு நின்றார். மூன்று தலைமுறை வாய்ச்சவடாலில் வளர்ந்தவளுக்கு அப்படி ஒரு மௌனம் இருக்கும் என்பதே புதிது. இவர் இப்படி நின்றிருந்தால், தன் வீட்டுச் சாபம் தன்மேல் நிற்க வேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நம்பினாள். நம்பிக்கை வந்தவுடன் வேறொன்றும் வந்தது. அந்த மேசைக்குப் போக வேண்டும் என்ற பசி.

அந்தச் சபையில் ஒருவரைத் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொள்ளும் முன், அவரைப் பற்றிய அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். "ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். யாராவது எழுந்தால் வாசிப்பு நின்றுவிடும். விஷயம் குழுவுக்குப் போகும். குழுவுக்குப் போனது வெளியே வரக் குறைந்தது ஒரு வருஷம். இரண்டு வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அவளுடைய அறிவிப்பு வந்தது. சபைச் செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்: "…தன் முன்னோர் சபைக்கு விரோதமாகச் செய்த கலகங்களை விட்டு மனந்திரும்பி…"

அவளுடைய முழங்கால் தானாக நிமிரப் பார்த்தது. பரம்பரை முழங்கால். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் செயலாளரைப் பிடித்தாள். "அண்ணே, அந்த வரியை எடுத்துடுங்க. நான் ஒரு கலகமும் பண்ணலை. நான் மனந்திரும்புறதுக்கு என் சொந்தப் பாவமே எக்கச்சக்கமா இருக்கு."

"அது குழு தீர்மானிச்ச வாசகம்மா. மாத்தணும்னா மறுபடி குழு கூடணும்."

"எப்போ கூடும்?"

"கூடறப்போ கூடும்."

இவரை மெழுகில் நட்டு வேகவைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பிரச்சினை என்னவென்றால், ஒலிபெருக்கி பஸ் நிறுத்தம்வரை கேட்கும். இரண்டாம் ஞாயிறும் அதே வரியைக் கேட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "மூணாவது ஞாயிறு நான் உள்ள வர்றேன். எழுந்து நிக்கப்போறேன்."

"அப்பா, நீங்க எழுந்தா எனக்கு ஒரு வருஷம் போயிடும்."

"போகட்டும். தப்பைத் தப்புன்னு சொல்லாம இருக்கச் சொல்றியா?"

"உங்களுக்குச் சொல்ல வேற நாளே கிடைக்கலையா? கொஞ்சம் சும்மா இருக்க இந்த வீட்ல யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது" என்றார் அப்பா, பெருமையாக.

புதன்கிழமை நான்காவது செட்டுக்காகக் கிளினிக்குக்கு வந்தார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பின்னறைப் பக்கம் கை காட்டிவிட்டார். மெழுகை வாயில் வைத்ததும் வழக்கம்போலத் தாடை முன்னால் வந்தது. பல்லக்காவுக்கு அலுத்துப்போனது. கடியும் வேண்டாம், பல்லும் வேண்டாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அந்த மூப்பர் இங்கதான் வந்தார். இதே நாற்காலியில உட்கார்ந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டார். வம்சத்தை இழுத்தது தப்புன்னார். ஆறு தடவை வந்தாருப்பா, எண்பது வயசு மனுஷன். இல்லாத வலிக்கு மருந்து கேட்டுக்கிட்டு."

வாயில் மெழுகு இருந்ததால் அப்பாவால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.  ஜன்னலைப் பார்த்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. விழுங்கினார்.

இருபது வருஷப் பழக்கம். அவள் கை தானாகப் போய்க் கீழ்த்தாடையைப் பிடித்துக்கொண்டது. தாடை தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. "அப்படியே இருங்க" என்றாள். அப்பா அப்படியே இருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக.

சனிக்கிழமை செட் தயாரானது. அப்பா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாரே தவிர மாட்டிப் பார்க்கவில்லை. "நாளைக்கு வரப்போறீங்களா?" என்று கேட்டாள். "சொன்னா சொன்னதுதான்" என்றார்.

மூன்றாம் ஞாயிறு அப்பா சலவைச் சட்டையோடு உள்ளே வந்தார். கொள்ளுத்தாத்தா கழற்றிய கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அது இன்னும் உள்பக்கம்தான் திறந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆலயம் முழுக்கக் கழுத்துகள் திரும்பின. முன்வரிசையில் மூப்பரின் முதுகு விறைத்தது. பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே, இவர் காலைப் பிடித்து வையும் என்று வேண்டினாள்.

செயலாளர் வாசித்து முடித்தார். "ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்."

அப்பா எழுந்தார்.

ஆண்டவர் காலைப் பிடிக்கவில்லை. அவளுக்கு அழுகையைவிட அலுப்புத்தான் வந்தது. ஒரு வருஷம். செயலாளர் பேனாவைத் திறந்தார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்றார் அப்பா. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாயில் நான்காவது செட் இருந்தது. "முன்னோர்னு பொத்தாம்பொதுவா எழுதியிருக்கீங்க. செத்துப்போனவங்க தலையில எதுக்குப் போடறீங்க? தட்டைத் தட்டிவிட்டது நான். அதனால அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் கிடைக்கலை. என் பேரைப் போடுங்க. இவ அன்னைக்குக் கோப்பையைப் பொறுக்கினவ. இவ மேல எதையும் எழுதாதீங்க. அவ்வளவுதான் என் ஆட்சேபணை."

உட்கார மறந்து நின்றுகொண்டே இருந்தார். முன்வரிசையில் மூப்பர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "எனக்கும் ஆட்சேபணை" என்றார். "அன்னைக்கு நான் சொன்னதும் தப்பு. அதையும் எழுதிக்குங்க."

செயலாளர் திகைத்துப் போதகரைப் பார்த்தார். போதகர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா, வேறேதாவதா என்று தெரியவில்லை. "ஆட்சேபணை தாள் மேலதானே? ஆள் மேல இல்லையே. தாளைத் திருத்திடலாம், குழுவுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார்.

"திருத்தினா புது வாசகம் ஐயா. மூணு ஞாயிறு மறுபடி வாசிக்கணும்" என்றார் செயலாளர். "ஆட்சேபித்தவர் மூணு தடவையும் நேரில் இருந்து திருப்தின்னு சொல்லணும். விதி."

"என்ன விதி இது!" என்று அப்பா ஆரம்பித்தார். பல்லக்கா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். அப்பா உட்கார்ந்தார்.

மூன்று ஞாயிறும் அவள்தான் அவரைக் கிளப்பிக் கூட்டிப்போனாள். சட்டை இஸ்திரி சரியில்லை, மின்விசிறி ஆடுகிறது, போதகர் ஒரே கருத்தை நாலு தடவை சொல்கிறார் என்று போகும்போதும் வரும்போதும் புகார். பஸ் நிறுத்தத்தில் இருந்த ஆறுதல் உள்ளே இல்லையாம், மறுத்துப் பேச ஆள் கிடைப்பதில்லையாம். ஆனால் "நாங்கள் பாவம் செய்தோம்" என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் மட்டும் அவர் வாய் மூடியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் அவர் எதையும் குறை சொன்னதில்லை.

கடைசி வாசிப்பில், "ஆட்சேபணை உள்ளவர்கள்" என்றதுமே ஆலயம் மொத்தமும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்பாவின் முழங்கால் துடித்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "திருப்தி" என்று உட்கார்ந்தபடியே உறுமினார்.

அன்று திருவிருந்து. தட்டை ஏந்தி வந்தவர் அதே மூப்பர். வரிசையின் ஓரத்தில் அப்பா. அவருக்கு அதிலிருந்து எடுக்க உரிமை இல்லை, அவர் கேட்கவும் இல்லை. மூப்பரின் கையில் தட்டு ஆடியது. கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அப்பாவின் கை கீழிருந்து மேலே போனது. பல்லக்கா அவர் சட்டையைப் பிடிக்கப் போனாள். அந்தக் கை தட்டின் அடியில் போய் நின்று, அது ஆடாமல் பிடித்துக்கொண்டது. அவள் ஒரு கோப்பையை எடுத்தாள். குடித்தாள்.

"பழைய தட்டு இதைவிடக் கனம்" என்று அப்பா முணுமுணுத்தார்.

மறுநாள் காலை அவள் கிளினிக்கின் கதவைத் திறக்கும்போதே அப்பா படியில் உட்கார்ந்திருந்தார்.

"பல்லு டாக்டரே, இடது பக்கம் குத்துது."

நான்காவது செட்டுமா? அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. இன்றைக்கு ஐந்து செட் முடிக்க வேண்டும். அவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, செட்டைக் கழற்றச் சொல்லி, இடது ஈறை விரலால் தடவிப் பார்த்தாள். வலதையும் பார்த்தாள். எங்கேயும் சிவப்பு இல்லை.

மெஷினை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"சரிப்பா" என்றாள். "சொல்லுங்க."